தோளில் பை இருக்கும்வரை

என் தம்பி பெத்ரித் பரீட்சையில் தோற்ற அன்று அம்மா இரண்டு தட்டு பக்லாவா இனிப்பு செய்தாள். மேல்வீட்டு கெர்பர் அம்மாள் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "பையன் ஃபெயில்" என்று சிரித்தபடியே ஒரு துண்டை நீட்டினாள். சுவிஸ்காரர்களுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்?

நாங்கள் கொசோவோக்காரர்கள். நான் பிறப்பதற்கு முன்பு ஊரில் ஒரு கல்யாணத்தில் பெரியப்பா சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டார். குண்டு வானத்துக்குப் போகவில்லை, ரமீஸ் என்கிறவரின் அண்ணன் நெஞ்சுக்குப் போனது. பெரியப்பா பிற்பாடு சர்க்கரை வியாதியில் கட்டிலில் செத்தார். பழி சாகவில்லை, எங்கள் வீட்டு அடுத்த ஆண்பிள்ளை தலையில் இறங்கியது. பிழைப்புக்காக இரண்டு குடும்பமும் ஒரே சுவிஸ் ஊரில் வந்து விழுந்தது எங்கள் தலையெழுத்து. பெட்டி கட்டியபோது அந்தச் சனியனை அங்கேயே விட்டுவிட்டு வர ஒருத்தருக்கும் புத்தி இல்லை.

அப்பா பதினைந்து வருடம் சுவரில் முதுகை வைத்துத்தான் காப்பி குடித்தார். கடைசியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு ரமீஸும் வந்தார். எதிரியானாலும் துக்க வீட்டுக் காப்பியை மறுக்கக் கூடாது. குடித்து முடித்து, பதினோரு வயது பெத்ரித்தைப் பார்த்தார்.

"இவன் தோள்ல பள்ளிக்கூடப் பை இருக்கிற வரைக்கும் இவன் குழந்தை. இது என் பேஸா. அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க."

பேஸா என்றால் வாக்கு. எங்கள் ஆட்கள் உயிரை விடுவார்கள், பேஸாவை விடமாட்டார்கள். அதில்தான் எனக்குப் பயமே.

அன்றிலிருந்து பெத்ரித் பையில்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. ஏரியில் குளிக்கப் போனாலும் பை, கல்யாணத்தில் கோட்டுக்கு மேலே பை. வகுப்பில் அவன் பெயர் ஆமை. ஆனால் கணக்கில் அந்த ஆமையை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸூரிக்கில் பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்று உயிராக இருந்தான். அவன்தான் பள்ளி இறுதித் தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்துவிட்டு வந்தான். இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. அவ்வளவுதான். தோற்றவன் ஒரு தடவைதான் திரும்ப எழுதலாம், அதிலும் தோற்றால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஜெயித்தாலும் பை போச்சு, தோற்றாலும் போச்சு.

போலீசுக்குப் போனேன். "அவர் மிரட்டினாரா?" என்றார்கள். "இல்லை, ஒன்றும் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்தார்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

பிறகு ரமீஸ் வீட்டுக்கே போனேன். பெண்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் எங்கேயும் போகலாம். அவர் எழுந்து வரவேற்றார், காப்பி வந்தது.

"மாமா, யுனிவர்சிட்டிப் பையும் பைதானே?"

சிரித்தார். "அங்க படிக்கிறவன் சவரம் பண்றான், ஓட்டுப் போடறான். அவனைப் போயி குழந்தைன்னா ஊர் சிரிக்காதா?"

"ஊர் எங்க மாமா இருக்கு? ரெண்டு நாள் கார்ல போகணும்."

"போன மாசக் கல்யாணத்துல எனக்குக் காப்பிய முட்டிக்குக் கீழ நீட்டினாங்க மகளே. இங்கதான், இதே ஊர்லதான்."

பழிவாங்காதவனுக்குத்தான் அப்படி நீட்டுவார்கள். அதைவிடச் செருப்பால் அடிக்கலாம்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அதச் சொல்ல நான் யாரு? செத்தவன்ல சொல்லணும்." கையை நீட்டிக் காட்டினார், விரல்கள் நடுங்கின. "இந்தக் கையால இனி ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டு உள்ளறைப் பக்கம் பார்த்தார். அவர் மகன் இலிர், பெத்ரித் வயதுதான், தச்சுப்பட்டறையில் வேலை பழகுகிறவன், ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதுவும் காதில் விழாதவன் போல உட்கார்ந்திருந்தான். அந்த ஒயர் எதிலும் சொருகியிருக்கவில்லை.

அடுத்த பரீட்சை வந்தது. "காய்ச்சல்னு படுத்துக்கடா, என் ராசா" என்று அம்மா அழுதாள்.

"எத்தனை வருஷம்மா காய்ச்சல் அடிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனான். இந்தத் தடவை எழுதினான். தப்பாக எழுதத்தான் நினைத்தானாம், கணக்கைப் பார்த்ததும் கை கேட்கவில்லையாம்.

கணக்கில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் என்று வாத்தியார் சந்தோஷமாகப் போன் செய்தார். போனை வைத்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். விஷயம் தெரிந்து கேக்கோடு இறங்கிவந்த கெர்பர் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெத்ரித் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"தோள் வலிக்குதுக்கா."

தேய்த்துவிட்டேன். எட்டு வருடப் பட்டைத் தடம் இரண்டு தோளிலும் கறுத்துக் கிடந்தது. இந்தப் பிள்ளை யாரை என்ன செய்தான்?

இப்போது செப்டம்பர். ஸூரிக்கில் திங்கட்கிழமையே வகுப்பு தொடங்கிவிட்டது. பெத்ரித் ஜன்னல் திரையை இறக்கிய அறையில் இருக்கிறான். எதிரே பஸ் நிறுத்தத்தில் தினமும் காலையிலிருந்து இலிர் நிற்கிறான். பட்டறைக்கு அவனும் போவதில்லை.

நேற்று பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன். "ஏண்டா, உனக்கு வேற வேலையே இல்லையா?"

அவன் நிமிரவில்லை. வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"அவன வெளிய வர வேணாம்னு சொல்லுக்கா" என்றான். "கெஞ்சிக் கேக்கறேன். வர வேணாம்னு சொல்லு."

பஸ் வந்து கதவைத் திறந்தது. அவன் ஏறவில்லை.