விரலுக்குத் தலையணை

"மாமா, அம்மா கைக்கு அளவா கிளவுஸ் வாங்கிக் குடுங்க."

பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும் மகள் கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாசலுக்கு உள்ளே வந்துவிட்டால் அவன் என் தம்பி இல்லை, சூப்பர்வைசர். நம் இரண்டு பேருக்கும் வேலை போட்டுக் கொடுத்தவன். எனக்காக அவனிடம் வாயைத் திறந்துவிடாதே.

மாமா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்தார். அலமாரியில் தொங்கிய கறுப்புக் கையுறைகளைக் காட்டி, நீ பொறுக்கி எடுத்த ரகம்தானே என்றார். அதுவும் உண்மைதான். வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், சோதனை அறையில் வேலை பார்ப்பவள். இந்த ஆசிட்டுக்கு மெல்லிய உறை ஆகாது, முழங்கை வரை வரும் தடித்த ரப்பர்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வரவழைத்தவளும் அவள்தான். சின்ன அளவும் கேட்டிருந்தாள். ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுக்கொள்ள வசதி என்று மாமா எல்லாவற்றையும் ஆம்பளை அளவிலேயே வாங்கிப் போட்டார்.

"உங்கம்மா கைக்கு அளவெடுக்க டெய்லரையா வேலைக்கு வைக்கச் சொல்ற?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதுதான் மகளுக்குச் சுருக்கென்றது.

அம்மாவுக்கு வேலை, எஃகுத் தொட்டிகளில் வெல்டிங் வைத்த இடத்தில் படிந்த கறுப்புக் கறையை எடுப்பது. தயிர்போல் கெட்டியான ஆசிட் பசையைப் பிரஷ்ஷால் தடவ வேண்டும். உறையின் நுனி விரலைத் தாண்டித் தொளதொளவென்று மடங்கினால் பிரஷ் வழுக்கும். அதனால் பெண்கள் விரல் நுனிகளில் துணியைத் திணித்துக்கொண்டார்கள். விரலுக்குத் தலையணை என்று கேலி வேறு. கண்டுபிடித்தவள் அம்மா.

தொட்டியின் மேல்விளிம்புக்குக் கையைத் தூக்கினால் பசை வழிந்து உறையின் அகன்ற வாய்க்குள் இறங்கும். துணி உறிஞ்சி விரலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். மற்ற ஆசிட் என்றால் சுட்டதும் கையை உதறலாம். இது சத்தம் காட்டாமல் தோலுக்கு அடியில் போய், நேரம் கழித்துத்தான் வலிக்கும். காலையிலிருந்து அம்மா கை உயரும்போதெல்லாம் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் உறையை மாட்டிக்கொண்டு போய், அம்மாவின் உறையை உருவினாள். துணி நனைந்திருந்தது.

"வேர்வைடி," என்றாள் அம்மா.

பையிலிருந்த ஆசிட் சோதனைத் தாளை அதில் ஒற்றினாள். தாள் ரத்தச் சிவப்பாக மாறியது. எந்த வேர்வைக்கும் அந்தச் சிவப்பு வராது.

அம்மாவின் கையைக் குழாயடியில் பிடித்தாள். எரியவே இல்லையே, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று அம்மா முணுமுணுத்தாள். எரியவில்லை என்பதுதான் மகளைக் கதிகலங்க வைத்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தண்ணீரில் ஊறியதாலா, உள்ளே இறங்கிவிட்டதாலா? பார்த்துச் சொல்ல முடியவில்லை. இதற்கென்று தடவும் களிம்பு வாங்கி வைக்கும்படி அவள் கேட்டதும் காற்றோடு போயிருந்தது.

மாமா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். தொட்டியை ஏற்ற லாரி நிற்கிறது, கழுவிவிட்டு மிச்சத்தை முடிக்கட்டும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போயே தீருவேன் என்றால் போ, ஆனால் சுடுதண்ணி கொட்டிவிட்டது என்று சொல்.

"ஆசிட்னு சொன்னா நாளைக்கு ரெண்டு பேருமே வர வேண்டாம்."

அம்மா தம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவன் சொல்றபடியே சொல்லிடலாம்டி என்றாள்.

"சுடுதண்ணின்னா சுடுதண்ணிக்குத்தான் மருந்து போடுவாங்க. விரல் போயிடும் மாமா."

பசை டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்தாள். தொட்டி பாதியில் நிற்கிறதே என்ற அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஆசிட்டின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே வாசலைத் தாண்டினாள்.