ஒட்டுவதற்கு முன் கேட்டிருக்கலாம்

வண்டிகளுக்கு எழுத்து ஒட்டும் ஸ்டிக்கர்காரர் ஒரு விஷயத்தில் மகா கறார். வெட்டிய எழுத்துகளை மேசைமேல் பரப்பி வைப்பார். வண்டிக்காரர் குனிந்து, வாய்விட்டுப் படித்து, "சரி" என்று சொல்ல வேண்டும். அதுவரை ராஜாவே வந்து நின்றாலும் எழுத்து கண்ணாடி ஏறாது. முன்பு ஒரு பல் டாக்டரின் காரில் போன் நம்பரை மாற்றி ஒட்டிவிட்டார். ஊரிலுள்ள பல்வலியெல்லாம் ஒரு வாரம் மீன்கடைக்குப் போன் செய்தது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான், மகளுக்கு அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றைக்கு, ஒருத்தரையும் கேட்காமல் அதன் பெயரைத் தங்க நிறத்தில் வெட்டித் தன் வேனின் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். ஒட்டியதோடு விட்டாரா? சிக்னலில் பச்சை விழுந்தாலும் கிளம்ப மனசு வராது. பின்னால் நிற்பவர்கள் இன்னும் கொஞ்சம் படிக்கட்டுமே!

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபது வருஷமாக அடுத்தவர் கார்களில் அதே பெயரை ஒட்டிக் கை தேய்ந்தவர். நம் வீட்டுக்கும் ஒரு நாள் வராதா என்ற ஏக்கம் அவருக்கு இருக்காதா என்ன?

மகள், பஸ்ஸில் பத்து நிமிஷத் தூரத்திலிருந்த சின்னக் கல்லூரியில் வேதியியல் இரண்டு வருஷம் முடித்திருந்தாள். உதவித்தொகை இருந்ததால் கட்டணம் கிடையாது. வகுப்பில் மொத்தமே பதினோரு பேர். "போட்டுத்தான் பாரேன், காசா பணமா" என்று அவளுடைய பேராசிரியை உசுப்பிவிட, பெரிய இடத்துக்கு மாற விண்ணப்பம் போட்டாள். கிடைத்தும் விட்டது. ஆனால் படித்த இரண்டு வருஷத்தில் ஒன்றைத்தான் அங்கே ஏற்பார்களாம். ஆக அந்த நாலு வருஷப் படிப்பில் இன்னும் மூன்று வருஷம், கட்டணமும் விடுதியும் சாப்பாடும் முழுக்க முழுக்கக் கடனில். வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

"அவளுக்கு இஷ்டமான்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இதுல கேக்க என்ன இருக்கு? கசக்குமா?"

வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் வங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மூன்று நாளாகவே சரியாகப் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். கடன் பிரிவு அதிகாரி அம்மாள் தாள்களை அவர் பக்கம் தள்ளினார்.

"மாசா மாசம் கட்டினா பதினாலு வருஷத்துல முடிஞ்சிடும் சார். வாங்கறது பொண்ணு, ஜாமீன் நீங்க."

பதினாலு! அவர் மனசுக்குள் தன் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்தார். இருந்தாலும் கெத்தை விடாமல் பேனா மூடியைக் கழற்றினார்.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள் மகள். "கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் படிச்சுப் பாத்து சரி சொல்லுங்கன்னு நிறுத்தி வைக்கிறீங்க. என்னைக் கேட்டீங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார். அதிகாரி அம்மாள் ரொம்ப அக்கறையாகக் கணினியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"உனக்கு அங்க போக ஆசை இல்லையா?"

"நிறைய இருக்குப்பா. கிடைச்ச அன்னிக்கு பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு ஆடினேன்." அவள் மேசைமேலிருந்த தாள்களைக் காட்டினாள். "ஆனா எனக்குத் தண்ணி பரிசோதனைக் கூடத்து வேலைதான் வேணும். சனிக்கிழமை சனிக்கிழமை போறேனே, அங்கதான். சம்பளம் கொஞ்சம். இந்தக் கடனை வச்சுக்கிட்டு அங்க சேர முடியாது. எவன் அதிகமா குடுக்கறானோ அவன்கிட்டதான் போய் நிக்கணும். அந்தப் பேருக்காக அந்த வேலையை விடணுமாப்பா?"

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ஒட்டிட்டீங்களே."

முகத்தில் அறைந்தது போலிருந்தது. தாள்களை எடுத்து முதலிலிருந்து படித்தார். வட்டி, தவணை, அபராதம், மகளின் பெயர். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்ததும் பேனாவை மூடினார்.

"வேண்டாம் மேடம்."

"யோசிச்சு சொல்லுங்க சார். அந்த இடத்துக்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறாங்க தெரியுமா?"

"தெரியும் மேடம். நானும் அதுல ஒருத்தன்" என்று எழுந்தார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. இருவரும் வேனின் பின்பக்கம் போய் நின்றார்கள். தங்க எழுத்து பளபளவென்று நின்றது. அவர் வேனிலிருந்த கருவிப் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து முதல் எழுத்தின் ஓரத்தை நெம்பினார். நல்ல பசை, லேசில் வரவில்லை. மகள் இன்னொரு பிளேடோடு கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"கோவமாப்பா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. வருத்தம்தான். பொய் சொல்வானேன், நிறையவே இருக்கு." அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அது என் ஆசை. அதுக்குப் பதினாலு வருஷம் நீ வட்டி கட்ட வேண்டாம்."