மேஜைமேல் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர்

நாலு மணிக்கு லாரி வரும் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் கார் கிளம்பினால் கொட்டகையில் இருக்கலாம், கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும். ரோஷத்தில் "சரி" என்று தலையாட்டியவள் நான்தான். கொட்டகை அவனுடையது. கார், அம்மா எனக்கென்று சொல்லிவிட்டுப் போனது. வயதில் எனக்கு மூத்தது, பிடிவாதத்தில் எனக்குச் சமம். தையல் மெஷின்களை அதில்தான் ஏற்றிக்கொண்டு போய்ப் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். அது போனால் என் தொழிலும் கூடவே போகும். அண்ணன் கண்ணுக்கு அது தொழிலே இல்லை, பொழுதுபோக்கு.

ஒரு வாரமாகக் கார் இருமி இருமி நின்றுபோனது. அண்ணன் கூட்டிவந்த மெக்கானிக் பானெட்டைக்கூட முழுசாகத் தூக்கவில்லை, "என்ஜின் போச்சு" என்று கைகழுவினான். என்ஜினும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. எந்த பிளக்குக்கு எப்போது நெருப்புப் பொறி என்று பங்கு போட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லை.

முதல் சிலிண்டர் பொறி வாங்கும் இடத்தில் என்ஜினை நிறுத்தினேன். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விளிம்பில் ஆணியால் ஒரு கோடு கிழித்தேன். போல்ட்டைத் தளர்த்தி மொத்தமாக உருவி, சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தேன். அண்ணி வெங்காயக் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள். உள்ளே தொட்டுத் தொட்டு விலகி மின்சாரத்தை வெட்டிவிடுகிற பாயிண்ட் முனை இரண்டும் கருகி, ஒன்றில் குழி, ஒன்றில் மேடு. புதுசு மாட்டி, முனை கருகாமல் காக்கிற கண்டன்சரையும் மாற்றி, முனைகளின் இடைவெளியைத் தகடு விட்டு அளந்தேன். தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடும்போது கொட்டகையில் ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"சாவி போட்டுப் பாத்துட்டேன். பத்து தடவ சுத்துச்சு, உசுரே இல்ல. லாரிக்காரர இப்பவே வரச் சொல்லிட்டேன்."

அண்ணி மேஜையைக் காட்டினாள். "அதோட உசுரு இங்க இருக்குங்க."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போது என்ஜின் சுற்றிவிட்டால், நான் கிழித்தது வெறும் கோடு. என்ஜின் இப்போது எந்த நிலையில் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்? சாவியை வண்டியிலேயே விட்டு வந்தது என் புத்தி.

"அண்ணே, இனி வண்டி மேல கை வெச்சீன்னா ஸ்பேனர்தான் பேசும்."

"என் கொட்டகைடி!"

"என் காரு!"

கொட்டகைக்குப் போய் முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைக்கும்படி அண்ணியிடம் சொன்னேன். நான் கீழே குனிந்து பெரிய ஸ்பேனரால் என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன்.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று வாசலில் நின்று முனகினான் அண்ணன்.

"தள்ளுது! காத்து விரலத் தள்ளுது!" என்று கத்தினாள் அண்ணி.

அதுதான் நான் தேடியது, முதல் சிலிண்டர் மறுபடி பொறி வாங்கும் இடத்துக்கு வருகிறது. என்ஜின் முனையில் சுழலும் சக்கரத்தில் இருந்த குறி நேராக வரும்வரை சுற்றி நிறுத்தினேன். ரோட்டர் என் கோட்டைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். மூடி, வயர்கள், பிளக், எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தபோது லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் கயிற்றோடு இறங்கினார்.

சாவியைத் திருப்பினேன். பட்டென்று ஒரே ஒரு வெடி. பிறகு மௌனம்.

"ஆச்சா?" என்றான் அண்ணன்.

"ஆகல."

இறங்கிப்போய் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் அளவு திருப்பி இறுக்கினேன். மறுபடி சாவி. ஒரு உறுமல், பிறகு மெஷின் தைக்கிற மாதிரி சீரான ஓட்டம். டிரைவர் சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டினார்.

அண்ணி கரிபிடித்த விரலைச் சேலையில் துடைத்தபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"சரி சரி, ஆஃப் பண்ணு. உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்றான் அண்ணன்.

நான் ஆஃப் பண்ணவில்லை. லாரிக்கு ஹாரன் அடித்தேன்.

"பேசணும்னா பின்சீட்ல ஏறுண்ணே."