நாற்பத்தோராம் பக்கம்

அப்பாவின் சட்டையில் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் மகள். வாசலில் மாலையோடு பேராசிரியர் வந்து நின்றதைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அப்பாவை 'முயல் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். முயல்களுக்கு ஊசி போட்டு, காது நரம்பில் ரத்தம் எடுத்து, அதிலிருந்து ஆன்டிபாடியைப் பிரிப்பது அவர் வேலை. செல்லின் மேலிருக்கும் ஒரே ஒரு ஏற்பிப் புரதத்தை மட்டும் அது தேடிப் பிடித்துக் காட்டும் என்று கட்டுரை எழுதிப் பேர் வாங்கினார் பேராசிரியர். அப்பாவுக்கு என்னவோ உறுத்தியது. அந்த ஏற்பியே இல்லாத செல்களில் போட்டுப் பார்த்தார். ஏற்பி இருந்தால் மட்டுமே விழ வேண்டிய கறுப்புப் பட்டை அங்கேயும் பளிச்சென்று விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினார்.

பேராசிரியர் கண்டுகொள்ளவில்லை. வெளியிலிருந்து புகார் கிளம்பியபோது, எல்லாம் டெக்னீசியனின் அலட்சியம் என்று எழுதிக் கொடுத்துக் கைகழுவிவிட்டார். அப்பாவுக்கு வேலை போயிற்று. நோட்டை வெளியே காட்டலாம் என்று மகள் குதித்தபோதெல்லாம், நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம் என்று அடக்கிவிடுவார் அப்பா. நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பேராசிரியர் மாலையைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவரைப்போல ஒரு கைராசிக்காரர் கிடையாது என்று வந்திருந்தவர்களிடம் சொன்னார். பிறகு அவளை உள்ளறைக்கு அழைத்தார்.

"அப்பா ஒரு நோட்டு வச்சிருப்பாரேம்மா. அது ஆய்வுக்கூடத்தோட சொத்து."

அலமாரியைத் திறந்து எடுத்து நீட்டினாள். அவர் அவசரமாகப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"நல்ல பொண்ணும்மா நீ."

"நாப்பத்தோராம் பக்கத்துல, அந்தப் பட்டைக்குக் கீழ, பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். எல்லாப் பக்கத்தையும் படம் புடிச்சு, உங்க கட்டுரை வந்த பத்திரிகைக்கு நேத்து சாயங்காலமே அனுப்பிட்டேன். கிடைச்சதுன்னு பதிலும் வந்தாச்சு."

அவர் முகம் வெளிறியது.

"அந்தக் கட்டுரையில உங்கப்பா பேரும் இருக்கும்மா."

"இருக்கட்டும் சார். காபி குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடிக்கவில்லை. போகும்போது யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை. தெருமுனை திரும்பும் வரை அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

திரும்பி வந்தபோது அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தாடையைத் தூக்கிச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்ததும் மறுபடி திறந்துகொண்டது.