எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது

...வந்துவிடும், சர்வர் எப்போதும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போகும், கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்க, நான் சர்வர் அறையின் குளிரில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறேன், மதியச் சாப்பாட்டு நேரம், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கூட்டம் குறைவாக இருக்கும் என்றுதான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன், அப்டேட் போட்டால் ஒருமுறை அணைத்து எழுப்பித்தானே ஆகவேண்டும்... முதலில் இரும்புக்கு உயிர் வரும், கைகால் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளும், நினைவகம் இருக்கிறது, வட்டு இருக்கிறது, பிறகு வட்டின் மூலையிலிருந்து ஒரு குட்டி நிரல் எழுந்து பெரியதை இழுத்துக்கொண்டு வரும், அதுதான் கெர்னல், எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை நிரல், அது வந்ததும் ஒரே ஒரு ஆளை மட்டும் எழுப்பும், மற்ற அத்தனை பேரையும் எழுப்புவது அந்த முதல் ஆளின் பாடு, கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள் மாதிரி, யாருக்கு முன்னால் யார் எழவேண்டும், யார் எழாவிட்டால் யாருக்கு வேலை ஓடாது என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். இதோ, பச்சை வரிகள் வர ஆரம்பித்துவிட்டன, கடிகாரம், நெட்வொர்க், பிரிண்டர், டேட்டாபேஸ்... யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் சேவைகள், கடைசியில் அலர்ஜி எச்சரிக்கை, யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று மருந்தகத்துத் திரையில் காட்டுவது, அதுவும் பச்சை. அதைப் பார்த்து எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு, காலையில்தான் அதைத் தானாக எழும்படி மாற்றி வைத்தேன், இத்தனை வருஷமாக ஒவ்வொரு தடவையும் அதைக் கையால்தான் எழுப்பியிருக்கிறார் நரையண்ணன், என்ன சோம்பேறித்தனம், ஒரு வரி எழுதினால் முடிகிற வேலை. முப்பது வயதுக்குள் தலை வெளுத்துப்போனதால் அவருக்கு அந்தப் பெயர், எனக்கு முன்னால் இந்த இயந்திரங்களை எல்லாம் பார்த்துக்கொண்டவர், கணினித் துறைத் தலைவர் பதவி எனக்கு வந்தது, போன மாதம் அவர் வேலையை விட்டுப் போனார்... இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

என் இடத்துக்கு வந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் அடிக்கிறது, மருந்தகத்து அக்கா. "ஏம்மா, ஒருத்தர் வந்திருக்கார், சீட்டுல பென்சிலின் வகை மருந்து எழுதியிருக்கு. அவர் மனைவி என்னடான்னா அது அவருக்கு ஆகவே ஆகாதுங்கறாங்க, போன தடவை மூச்சு முட்டி இங்கேயே சேர்த்தாங்களாம். திரையில ஒண்ணுமே காட்டலையே? அலர்ஜி இல்லைன்னு காலியா இருக்கா, இல்ல நீ ஏதாவது நிறுத்தி வெச்சிருக்கியா?" அலர்ஜி இருந்தால் சிவப்பாக வரும், இல்லாவிட்டால் காலியாக இருக்கும், காலிக்கும் காலிக்கும் வித்தியாசம் தெரியாதே... டிபன் பாக்ஸை மூடுகிறேன். "கொடுக்காதீங்க அக்கா. யாருக்குமே எதையும் கொடுக்காதீங்க, நான் சொல்ற வரைக்கும்." கூட்டம் சேருமே என்கிறார். சேரட்டும். "நான் சர்வரை எழுப்பினதுக்கப்புறம் யாராவது வாங்கிட்டுப் போயிட்டாங்களா?" பில் கட்டைப் புரட்டுகிற சத்தம். "போயிருக்காங்கம்மா. நான் போன் போட்டுப் பார்க்கறேன்." திரையைப் பார்க்கிறேன், அலர்ஜி சேவை ஓடிக்கொண்டிருக்கிறது, பச்சை, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் பச்சை, பச்சையாகவே பொய் சொல்லுமா என்ன... நரையண்ணனைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்ன நினைப்பார், இவளைத்தான் தலைவராக்கினார்களா என்றா, நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், வெளியே ஒருவர் பையில் அந்த மாத்திரை போய்க்கொண்டிருக்கலாம், இதில் மானம் என்ன வேண்டிக்கிடக்கிறது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், பின்னால் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம். "சொல்லுங்க மேடம்." நான் பாதி சொல்வதற்குள், "அலர்ஜி காலியா காட்டுதா? தானா எழும்பற மாதிரி வெச்சிட்டீங்களா?" ம் என்றேன். "டேட்டாபேஸ் எழுந்துட்டேன்னு சொல்லிடும், ஆனா கேட்டா பதில் வராது, அதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். நம்ம அலர்ஜி ஆளு எழுந்த உடனே ஒரே ஒரு தடவை போய்க் கேப்பான், பதில் வரலைன்னா யாருக்கும் அலர்ஜியே இல்லைன்னு எடுத்துப்பான். அப்புறம் கேக்கவே மாட்டான். அவனை நிறுத்திடுங்க, டேட்டாபேஸ்கிட்ட நீங்களே ஏதாவது கேட்டுப் பாருங்க, பதில் வந்ததும் எழுப்புங்க, சரியாயிடும்." இதைத் தானாகவே நடக்கும்படி ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்க வேண்டாம். அவர் சிரித்தார். "செய்யணும்னுதான் இருந்தேன். அடுத்த தடவை, அடுத்த தடவைன்னு தள்ளிப் போயிடுச்சு."

நிறுத்தினேன், கேட்டேன், பதில் வந்தது, எழுப்பினேன்... இது எனக்குத் தெரியாத விஷயமா, தினமும் காலையில் என் பெண்ணைக் கூப்பிடுகிறேன், எழுந்துட்டியாடி, போர்வைக்குள்ளிருந்து தெளிவாகவே குரல் வருகிறது, எழுந்துட்டேன்மா, பத்து தடவை கேட்டாலும் அதே பதில், பல் துலக்கிக்கொண்டே அவள் அப்பா கதவருகில் நின்று சிரிக்கிறார், அவள் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும் அது தூக்கத்தின் பேச்சு என்று. போன் மறுபடி. "சிவப்பு வந்திடுச்சும்மா, கொட்டை எழுத்துல. அந்த ஆளை டாக்டர்கிட்டயே திருப்பி அனுப்பிட்டேன், வேற எழுதித் தருவார்." வாங்கிப் போனவர்கள்? "எல்லார்கிட்டயும் பேசிட்டேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து, காய்ச்சல் மாத்திரை, அவ்வளவுதான், யாருக்கும் பிரச்சினை இல்ல. நீ முதல்ல சாப்பிடு." சாப்பிடவில்லை, உட்கார்ந்து எழுதினேன், டேட்டாபேஸ் எழுந்துட்டேன் என்று சொன்னால் போதாது, ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் அடுத்தவன் எழவேண்டும், பதில் வராவிட்டால் காலியாகக் காட்டாமல் சத்தம் போடவேண்டும், பிறகு மருந்தகத்தில் சொல்லிவிட்டு இன்னொரு முறை முழுவதையும் அணைத்து எழுப்பிப் பார்த்தேன், கறுப்புத் திரை, கண் சிமிட்டும் கோடு, ஒவ்வொருவராக எழுந்தார்கள், அலர்ஜி மட்டும் காத்திருந்தது, காத்திருந்தது, பிறகு எழுந்தது.

நரையண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா, சரியாயிடுச்சு அண்ணா என்று போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன், விரல் அங்கேயே நிற்கிறது... மேடம் என்றல்லவா சொன்னார், சொல்லுங்க, வெச்சிட்டீங்களா, கேட்டுப் பாருங்க... ஏம்மா, வாம்மா, சாப்டியாம்மா என்றுதானே எப்போதும். வெளி ஆளாகிவிட்டதால் இன்றைக்குத்தான் மாற்றிக்கொண்டாரா... இல்லை, போன மாதம் சாவியைக் கொடுக்கும்போதும் மேடம்தான், அதற்கு முன்னால், பதவி அறிவித்த அன்றைக்கு என் மேஜைக்கு வந்து வாழ்த்துகள் என்றாரே, அப்போது என்ன சொன்னார், வாழ்த்துகள்ம்மா என்றா, வாழ்த்துகள் மேடம் என்றா... அது எப்படி என் காதில் விழாமல் போகும், ஒரு மனிதர் திடீரென்று மாற்றிக் கூப்பிடுவது காதில் விழாதா என்ன... விழாமல் என்ன, விழுந்திருக்கும். கேட்க நன்றாகவும் இருந்திருக்கும்.