பின்வாசல் உடுப்பு

எங்கள் வீட்டுப் பின்னறையில் இளைய மருமகள் கேட்சூட் செய்கிறாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலைப் போல ஒட்டிக்கொள்ளும் ஒற்றை உடுப்பு. மெல்லிய ரப்பர்த் தாளை வெட்டி, ஊசி படாமல் பசையால் ஒட்டிச் செய்வது. ஊசி பட்டால் அந்த ஓட்டையிலிருந்தே கிழிந்துவிடுமாம்.

பாடகிகளும் மேடை நடனக்காரர்களும் வாங்கிய வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பூட்டிய அறைக்குள் போட்டுக்கொள்வதற்கென்றே வாங்குகிறவர்களும் உண்டு என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்த ஆளுங்க இந்தப் படி ஏறக் கூடாது” என்றேன்.

“உடுப்பு ஒண்ணுதான் மாமா. அதே ரப்பர், அதே ஜிப்பு. பத்திரிகை அட்டையில வந்தா ஃபேஷன், வீட்டு அலமாரியில இருந்தா அசிங்கமா?”

“எதுக்குப் போடுறான்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அத நான் கேக்கறதில்ல. இடுப்பளவுதான் கேக்கறேன்.”

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மேடை ஆட்கள் முன்வாசல் வழியாக வரலாம். மற்றவர்கள் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசலோடு சரி. என் கண்ணில் படக் கூடாது.

அதற்குள் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா பேர்பெற்ற இதய அறுவை மருத்துவர். பெண் பார்க்க வந்தபோது முதுகு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து, “எங்களுக்குப் பேருதான் சொத்து” என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. நல்லவேளை, அன்று இளைய மருமகள் தாய்வீட்டில் இருந்தாள். இப்போது பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. பின்னறைச் சங்கதி அவர் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும். பெண் ஊர் வாயில் விழுவாள். அதனால் அறையைப் பூட்டச் சொன்னேன்.

“ஒரே ஒரு ஆளுக்குப் போட்டுப் பாக்கணும் மாமா. அதோட பூட்டிடறேன்.”

அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, இன்னும் என்ன மிச்சம் இருக்கிறதென்று கண்ணால் பார்த்துவிட உள்ளே போனேன். ரப்பர் வாடை. மேசையின் மேல் கருப்புத் தாள் ஒன்று, எதிர் ஓரத்தில் இரும்புப் பிடிகளால் இறுக்கப்பட்டு விரிந்து கிடந்தது. அதன் கைப்பகுதி இன்னும் ஒட்டப்படாமல் திறந்திருந்தது. ஓரங்களில் பசை தடவிக் காய விட்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. எந்தத் தடியனுக்கு இது என்று பார்க்க, என் கையை அதில் வைத்து மடித்தேன்.

காய்ந்த பிறகுதான் அந்தப் பசைக்கு உயிர் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டு ஓரமும் சந்தித்தன. சத்தமே இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிடித்துக்கொண்டது. இழுத்தால் நீண்டது, விட்டால் திரும்பி வந்து கவ்வியது. எதிர் ஓரத்துப் பிடிகளும் எட்டவில்லை, சுவரில் தொங்கிய கத்தரியும் எட்டவில்லை. வியர்க்க வியர்க்க இன்னும் இறுகியது.

பின்வாசல் திறந்தது. “உள்ள வாங்க சார், யாரும் இல்ல” என்று மருமகளின் குரல். தொப்பியும் முகக்கவசமுமாக ஒருவர் அவள் பின்னால் நுழைந்து, முகக்கவசத்தைக் கழற்றினார்.

“சம்பந்தி!” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மருமகளின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

“இது உங்க வீடா?” அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. வேணாம் சம்பந்தி, இனிமே எந்த மூஞ்சியோட உங்க முன்னாடி உக்காருவேன்? பையன்கிட்ட ஏதாவது காரணம் சொல்லி நானே நிறுத்திடறேன்.”

“நில்லுங்க.”

நின்றார். அப்போதுதான் என் கை அவர் கண்ணில் பட்டது. கருப்பு ரப்பருக்குள் முழங்கை வரை.

“நீங்களுமா?” என்றார்.

மருமகள் வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். நான் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவன். வண்டி தாமதமானதற்குக்கூடப் பொய்க் காரணம் எழுதாதவன். இல்லை என்று சொன்னால் இவர் அந்தக் கதவு வழியே போய்விடுவார், என் பெண்ணின் வாழ்க்கையும் கூடவே போய்விடும்.

“ஆமா சம்பந்தி.”

அவர் அங்கிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முதுகு வளைந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்தா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. உயிரா, சாவான்னு. ரப்பர் உறைக்குள்ள இருந்த ரெண்டு கை மட்டும்தான் நிம்மதியா இருந்துச்சு. மத்த உடம்பு என்ன பாவம் பண்ணுச்சுன்னு தோணுச்சு. மேடையில போடுறவங்க நாலு பேரு பாக்கணும்னு போடுறாங்க. எனக்கு யாரும் பாக்காம இருக்கணும். அப்புறம், பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். ஜிப்ப வீட்டுக்காரிதான் போட்டுவிடுவா, திட்டிக்கிட்டே. உங்களுக்கு எப்படி?”

“எனக்கும் அப்படித்தான்.”

“எத்தன வருஷமா?”

“இப்பதான்,” என்றேன்.

மருமகள் கத்தரியை எடுத்து வந்து, தலை நிமிராமல், என் கையை விடுவித்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கை வெளுத்து, சுருங்கி, யாருடையதோ போல இருந்தது. வாசல் பக்கம் ஒரு அடி வைத்தேன்.

“எங்க கிளம்பிட்டீங்க? எனக்காக வெக்கப்படாதீங்க சம்பந்தி. அளவு கொடுத்துட்டுப் போங்க. நம்மளுக்குள்ள என்ன?” என்றார் அவர்.

மருமகள் அளவு நாடாவோடு என் முன்னால் நின்றாள். முகத்தில் பச்சைப்பிள்ளை பாவனை.

“சட்டையக் கழட்டுங்க மாமா.”

கழற்றினேன்.

“கையத் தூக்குங்க. வயித்த உள்ள இழுக்காதீங்க, அப்புறம் ஜிப்பு ஏறாது.”

நாடா என் மார்பைச் சுற்றியது, இடுப்பைச் சுற்றியது, கழுத்துக்கு வந்தது.

“என்ன நிறம் மாமா?”

சம்பந்தி ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கருப்பு,” என்றேன்.