கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை

எங்கள் வீட்டில் பொட்டு வைத்த எதையும் வெளியே போட முடியாது. சட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர் சின்னராஜ். ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு அவர் கிளம்பிவிட்டால் மொபெட், மண்வெட்டி, மோட்டார் ரூம் ஸ்விட்ச் போர்டு, கோழிப் பண்ணையின் தீவன வண்டி, என் மிக்ஸி என்று ஒன்றும் தப்பாது. ஒரு வருஷம் வாசலில் அசந்து தூங்கிய நாய்க்கும் ஒரு பொட்டு விழுந்தது. அதுவும் வீட்டைக் காக்கிற ஆயுதம்தானே என்றார். நாய் ஒரு வாரம் அவர் பக்கமே போகவில்லை.

எங்கள் மகள் இலக்கியா காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய கம்ப்யூட்டருக்கும் வருஷா வருஷம் பொட்டு உண்டு. படித்துத்தானே சோறு என்று அதற்கு மட்டும் கூடுதல் மரியாதை. போன ஆயுத பூஜையில் அந்த மரியாதை எல்லை மீறிப் போய்விட்டது. பெட்டியின் பின்பக்கம் காற்று போக ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அங்கே பட்டையாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். சந்தனம் உள்ளே இருக்கிற ஃபேனில் இறுகிப்போய், அன்றிலிருந்து கம்ப்யூட்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் கொதித்து மயங்கி விழ ஆரம்பித்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் இலக்கியா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அது மூச்சு விடற எடம்! அங்க போயி பூசியிருக்கறீங்களே!"

"அதுக்கு நெத்தி எங்கிருக்குதுன்னு எனக்கெப்படிச் சாமி தெரியும்?" என்றார் இவர்.

"சரி, அத தூக்கிப் போட்டுருங்கப்பா. அதுல ஒண்ணுமே இல்ல. எனக்கு வேண்டியதெல்லாம் லேப்டாப்புல இருக்குது."

இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. அது உட்கார்ந்திருந்த இடத்தின் மேல்தான் எனக்குக் கண். முன்னறையில் ஜன்னல் ஓரம். எங்கள் வீட்டிலேயே பகல் வெளிச்சமும் பிளக் பாயின்ட்டும் ஒன்றாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். நாமக்கல்லில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் விற்கிற கடைக்காரர் ஒருவர் எனக்குப் பாவாடை தைக்கும் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்துத் தர வேண்டும், தையல் கோணினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கருநீலத் துணி, கருநீல நூல். வெளிச்சம் இல்லாமல் தைத்தால் ஊசி எங்கே போகிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். அதற்காக வாங்கிய மோட்டார் வைத்த தையல் மிஷின் சமையலறை மூலையில் உளுந்து டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கென்று நான் கேட்ட முதல் இடம் அந்த ஜன்னல் ஓரம். அங்கே மயக்கம் போட்ட ஒரு பெட்டி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

பழைய சாமான் எடுக்கிற வேல்முருகன் தெருவில் மைக் போட்டுக்கொண்டு வந்தபோது நான்தான் கூப்பிட்டேன். அவர் வந்து கம்ப்யூட்டரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அதற்குள் இவர் பண்ணையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"பொட்டு வெச்சதுங்க. கொடுக்கறதில்லீங்க."

"அண்ணா, அப்பிடிப் பாத்தா என்ற வண்டியில இருக்கற அத்தனையும் பொட்டு வெச்சதுதானுங்க," என்றார் வேல்முருகன்.

"அது அவிங்கவிங்க மனசு."

வேல்முருகன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது நான் கேட்டேவிட்டேன். "ஏனுங்க, ஜன்னலோரம் வேல செய்யறவங்களுக்கா, சும்மா கெடக்கறவங்களுக்கா?"

"வேல செய்யறவங்களுக்குத்தான்," என்றார், ரசத்தைப் பிசைந்துகொண்டே.

"அப்ப அது அங்க என்ன வேல செய்யுதுங்க?"

ரசம் தொண்டையில் நின்றுவிட்டது. விழுங்கிவிட்டுச் சொன்னார். "குடுத்தா செய்யும். வேல குடுக்காத அதக் கொற சொல்லக் கூடாது பாரு."

மறுநாளே அதற்கு வேலை தேட ஆரம்பித்துவிட்டார். முதலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துச் சந்தனத்தையெல்லாம் சுரண்டி எடுத்தார். மயக்கம் தெளிந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு கேமராவைக் கொண்டுவந்து வாசல் கேட்டில் மாட்டி, ஒயரை இழுத்துவந்து அதோடு சேர்த்தார். இனிமேல் கேட்டில் யார் வந்தாலும் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாசல் கேட் ஜன்னலிலிருந்தே நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் ஜன்னலை மறைத்துக்கொண்டிருப்பதால்தான் தெரியவில்லை. ஜன்னலை மறைக்கிற பெட்டியில், ஜன்னலில் தெரிவதையே பார்த்துக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் காட்டு வெள்ளாடு வந்து ஒயரைக் கடித்ததும் அந்த வேலை முடிந்தது. கடிக்கிற கடைசி நொடிவரை ஆட்டின் மூஞ்சி திரையில் பெரிதாகத் தெரிந்ததாம். அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இவரை எதிர்த்துப் பேசிப் பயன் இல்லை, இவர் போகிற வழியிலேயே போய்த்தான் மடக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். முட்டைக் கோழி சத்தத்துக்குப் பயந்த ஜென்மம். ஊர் நோம்பித் திருவிழாவுக்குப் பறை அடித்தாலோ கல்யாண வீட்டில் வெடி போட்டாலோ மிரண்டு கூண்டோடு கத்தும், மறுநாள் முட்டை குறைந்துபோகும். அதனால் எங்கள் பக்கம் பண்ணையில் ரேடியோவைப் பாட விட்டே வைத்திருப்பார்கள். எப்போதும் ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் புதுச் சத்தம் வந்தாலும் கோழி அலட்டிக்கொள்ளாது. எங்கள் பண்ணை ரேடியோவை எலி குதறி வெகு நாளாகியிருந்தது.

"ஏனுங்க, கம்ப்யூட்டர்ல பாட்டு நெறைய இருக்குமில்லீங்க?" என்றேன், வெங்காயம் உரித்துக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி. "தீவன ரூம்ல வெச்சா கோழிங்களுக்குப் பாடுமே."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "ஏம்புள்ள, உனக்கு இவ்வளவு மூளை இருக்குதுன்னு இத்தன நாளாச் சொல்லவே இல்ல?"

அவருக்குச் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. தீவன ரூமில் மக்காச்சோளத் தவிடும் கோழி இறகுத் தூசியும் எப்போதும் பறந்துகொண்டிருக்கும். சந்தனத்துக்கே மூச்சடைத்த பெட்டி அங்கே எத்தனை நாள் தாங்கும்? அது தானாகவே கண்ணை மூடட்டும், பிறகு வேல்முருகனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் மிஷினை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்திவிட்டேன். முதல் பாவாடைக்கு மடிப்பு வைத்தபோது ஒவ்வொரு தையலும் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் காலையில் வைத்த டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

என் கணக்கு தப்பிப்போனது. கம்ப்யூட்டர் சாகவில்லை. தவிட்டுக்கு நடுவில் ஜம்மென்று ஓடியது. முதலில் சாமி பாட்டு, அப்புறம் கல்யாண வீட்டுப் பாட்டு. அதெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு நாள் பண்ணையிலிருந்து இங்கிலீஷ் கேட்டது.

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் இலக்கியா."

காலேஜ் கடைசி வருஷத்தில் வேலை இன்டர்வியூவுக்காக அவள் பேசிப் பேசிப் பதிவு செய்து பார்த்தது. அவளே மறந்துபோனது. இவர் எதையோ அழுத்தப்போய் அது பேச ஆரம்பித்துவிட்டது. முட்டை ஏற்ற வந்த வண்டிக்காரர் டிரேயைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கண்ணா, உங்க கோழிங்க வெளிநாட்டுக்குப் போகுதுங்களா?" என்று கேட்டார். இலக்கியாவிடம் சொன்னபோது, "ஐயோ அப்பா, அத அழிச்சுருங்க, மானம் போகுது!" என்று கத்தினாள். இவர் சரி சரி என்றார். மறுநாளும் கோழிகள் குட் மார்னிங் கேட்டன.

ஏதோ பழக்கம், கோழிகளும் அமைதியாகத்தான் இருந்தன. பக்கத்து ஊர்க் கோயிலில் வெடி போட்ட அன்றைக்கும் முட்டை குறையவில்லை. அங்கேதான் வந்தது வினை. அன்று இவர் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டரு நல்லா வேல செய்யுது புள்ள."

"செய்யட்டுங்க."

"அங்க ஒரே தூசி. பாவம். மறுபடி ஜன்னலோரத்துக்கே கொண்டாந்துட்டு, ஸ்பீக்கரு ஒயர மட்டும் பண்ணைக்கு இழுத்துக்கலாம்னு பாக்கறேன். வேல செய்யறவங்களுக்குத்தான் ஜன்னலோரம்னு பேசி வெச்சிருக்கறோமில்ல?"

என் வாயைக் கொண்டே எனக்கு ஆப்பு வைத்துவிட்டு, மோர் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றிய மோரில் பாதி இலைக்கு வெளியே போனது. தைக்க வேண்டிய பாவாடை இன்னும் குவிந்து கிடக்கிறது. ஜன்னல் போனால் வேலையும் போனது. இரவெல்லாம் மனசுக்குள்ளேயே சண்டை போட்டு, மறுநாள் வெயில் ஏறியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பண்ணைக்கு நடந்தேன். பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். பொட்டைப் பற்றி, ஆட்டைப் பற்றி, கல்யாணமானதிலிருந்து அவர் செய்த எல்லாவற்றையும் பற்றி.

தீவன ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம்.

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் இலக்கியா."

"வாங்க அம்மணி. உக்காருங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அப்படியே நின்றேன். தீவன மூட்டை மேல் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டிருந்தார். எதிரே கம்ப்யூட்டர். அதிகாரி கேள்வி கேட்பதற்காக அவள் அங்கங்கே இடம் விட்டு விட்டுப் பேசியிருந்தாள். அந்த இடங்களில் எல்லாம் இவர் பேசினார்.

"ஐ ஆம் கமிங் ஃப்ரம் நாமக்கல்."

"அட, நம்மூரா! சாப்ட்டியா சாமி?"

"மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க்."

"அது எனக்குத் தெரியாதா? போன் பண்ணாத இருக்கறதுதான் உன்ற கொற. ஞாயித்துக்கெழம மட்டும் பேசுனா பத்துமா?"

"தேங்க் யூ சார்."

"வேல உனக்குத்தான் சாமி. அதுக்குன்னு பெங்களூரு வரைக்கும் போகோணும்னு இல்ல. இங்கயே, பண்ணையிலயே குடுத்தர்றேன்."

கூண்டுகளில் கோழிகள் மெல்லக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ஒண்ணுமில்லை, தூக்கிப் போடுங்கள் என்று அவள் சொன்னபோது இவர் ஏன் எழுந்து போனார் என்று இப்போது புரிந்தது. அவள் போன பிறகு நான் அழுதால் அதட்டியவர், தைரியமாக இரு என்று எனக்கு ஊருக்கு முன்னால் புத்தி சொன்னவர், கோழிகளை மட்டும் சாட்சி வைத்துக்கொண்டு தினமும் பிள்ளைக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

ஆனால் பிரியத்தில் பாவாடை தைக்க முடியாது. ஜன்னல் ஜன்னல்தான். கதவைத் தட்டினேன்.

"மே ஐ கம் இன் சார்?"

மூட்டையோடு தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. கையிலிருந்த மவுஸ் தவிட்டில் விழுந்தது. என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், முகமெல்லாம் அசடு வழிந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, துண்டைச் சரி செய்துகொண்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரது?"

"கமலவேணிங்க சார். ஜன்னலோர வேலைக்கு வந்திருக்கறனுங்க."

"அனுபவம் இருக்குதா?"

"உங்களோட குடும்பம் நடத்துன அனுபவம் இருக்குதுங்க. அதுக்கு மேல ஒரு வேல ஒலகத்துல இல்லீங்க."

அவருக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார். "உன்ற பலம் என்ன?"

"ஹார்ட் வொர்க்குங்க."

"கொற?"

நீங்கதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கும் புள்ளையப் பாக்காத இருக்க முடியலீங்க."

அவர் நகர்ந்து மூட்டையில் எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் குனிந்து மவுஸை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"ஜன்னலோரம்?" என்றேன் விடாமல்.

"உனக்குத்தான். இதுக்கு ஒரு சட்ட மட்டும் தெச்சுக் குடுத்துரு, தூசியடிக்காத இருக்கட்டும்." மவுஸை மறுபடியும் அழுத்தினார். "இப்பச் சத்தம் போடாத. புள்ள பேசுது."